எப்போதும் தரையில் ஒரு கால்

வேகநடையில் ஓடக் கூடாது. விதி அவ்வளவுதான். எந்த நொடியிலும் ஒரு கால் தரையில் இருக்க வேண்டும். முன்னால் வைக்கிற காலின் முட்டி மடங்கியிருக்கக் கூடாது. மற்றபடி எவ்வளவு வேகமாக வேண்டுமானாலும் போகலாம். ஆனால் வேகம் கூடக் கூட உடம்பு ஓடத்தான் கேட்கும். இருபது கிலோமீட்டரும் கேட்டுக்கொண்டே வரும். கூடாது, கூடாது என்று அதற்குப் பதில் சொல்லிக்கொண்டே நடக்க வேண்டும்.

அந்த ஊரில் பெண்களில் இதைச் சரியாகச் செய்யத் தெரிந்தவள் ஒருத்திதான். இடுப்பை இரண்டு பக்கமும் வெட்டி வெட்டி அவள் நடப்பதைப் பார்த்துத் தெருப் பிள்ளைகள் வைத்த பெயர் வாத்து. முதலில் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. பிறகு அவளைக் காதலித்தவனும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தான். பெயர் நிலைத்துவிட்டது.

அவன் லிஃப்ட் மெக்கானிக். அவளும் அவனும் ஒரே மைதானத்தில்தான் பழகினார்கள். மூன்று போட்டிகளில் இறங்கி மூன்றிலும் விதியை மீறிச் சிவப்பு அட்டை வாங்கி வெளியே வந்தவன் அவன். மூன்றாவது முறை வியர்வையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "எனக்கு இந்த அடக்க ஒடுக்கமெல்லாம் ஒத்து வராது. நீ நட. நான் நேரம் பாக்கறேன்." அன்றிலிருந்து கையில் ஒரு ஸ்டாப்வாட்ச்சோடு மைதானத்தின் ஓரத்தில் நிற்பது அவன் வேலையாகிவிட்டது. அவள் ஒவ்வொரு சுற்றைக் கடக்கும்போதும் நேரத்தைக் கத்திச் சொல்வான். கல்யாணத்துக்குப் பிறகும் அது மாறவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஓர் எட்டு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் பெட்டியின் மேல் நின்று வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது கால் தவறி விழுந்தான். இரண்டு மாடி உயரம். பிழைத்தது பெரிய விஷயம் என்றார்கள். இருபத்தேழு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்தான். கை கால் நன்றாக இருந்தது. பேச்சு நன்றாக இருந்தது. பழைய கதையெல்லாம் நினைவிருந்தது. அவளுக்கு நிம்மதியில் அழுகையே வந்துவிட்டது.

டாக்டர்தான் அவளைத் தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"நெத்திக்குப் பின்னால அடி பட்டிருக்கும்மா. கோபம், பசி, ஆசை எதுவா இருந்தாலும் சரி, நமக்குத் தோணினாலும் நாம நிறுத்திக்கறோம்ல? அவரால இனிமே நிறுத்த முடியாது. வேணும்னு பண்றார்னு நினைச்சுக்காதீங்க."

"சரியாகுமா டாக்டர்?"

"கொஞ்சம் பழகிக்குவீங்க," என்றார். யார் பழகிக்கொள்வார்கள் என்பதை அவள் வீட்டுக்கு வந்த பிறகுதான் புரிந்துகொண்டாள்.

அவன் தோன்றியதையெல்லாம் சொன்னான், செய்தான். எதிர்வீட்டுக்காரரின் வழுக்கையைத் தட்டிப் பார்த்தான். அவள் தட்டில் இருந்ததை எடுத்துத் தின்றான். தலை வாரிவிடப் போனால் சீப்பைப் பிடுங்கி முகத்தில் எறிந்தான். எறிந்துவிட்டு, அவள் நெற்றியில் ரத்தத்தைப் பார்த்துத் தேம்பித் தேம்பி அழுதான். அரைமணி நேரம் கழித்து, "நெத்தியில என்னடி, அசிங்கமா?" என்றான்.

அவளுக்குக் கோபம் வராமல் இல்லை. வரும். தொண்டை வரைக்கும் வரும். அங்கேயே பிடித்து நிறுத்துவாள். அவன் வேண்டுமென்று செய்யவில்லை, விழுந்த அடி செய்கிறது என்று மனத்துக்குள் சொல்லிக்கொள்வாள். ஒரு நாளைக்கு நாற்பது முறையாவது சொல்லிக்கொள்வாள்.

பகலில் அவனைப் பார்த்துக்கொண்டது அவனுடைய அக்கா. பள்ளிச் சீருடை தைத்துப் பிழைப்பவள். தன் வீட்டுத் தையல் மெஷினை ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்து இவர்கள் வீட்டுக் கூடத்தில் போட்டுவிட்டாள். "அவன் கத்தினா எனக்கென்ன? மெஷின் சத்தத்துல ஒண்ணும் கேக்காது," என்பாள். வாத்து காலை ஏழரைக்கு வேலைக்குப் போய், நாலு மணிக்கு முடித்து, மைதானத்துக்குப் போய் நடந்துவிட்டு, ஆறரைக்கு வீடு திரும்புவாள். அவள் உள்ளே வந்ததும் நாத்தனார் கிளம்புவாள். இரண்டு பேரும் வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டும் கழற்றிக்கொண்டும் பேசுகிற இரண்டு நிமிடம்தான் அவர்களுக்குள் நடக்கிற பேச்சு.

வேலையும் லேசானதல்ல. மின்சாரப் புகார்களைத் தொலைபேசியில் கேட்கிற வேலை. நீளமான அறையில் முப்பது பேர், ஆளுக்கொரு தடுப்பு, காதில் ஹெட்ஃபோன். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு சின்னக் கண்ணாடி ஒட்டியிருப்பார்கள். பேசும்போது முகத்தில் சிரிப்பு இருக்கிறதா என்று தானே பார்த்துக்கொள்ள வேண்டும். முகத்தில் சிரிப்பு இருந்தால் குரலிலும் தெரியுமாம். குரல் உயர்ந்தால் மேற்பார்வையாளரின் திரையில் அவள் இருக்கை எண் மஞ்சளாகும். இன்னும் உயர்ந்தால் சிவப்பு.

"மூணு மணி நேரமா கரண்ட் இல்ல. நீங்கல்லாம் சோத்தைத்தான் திங்கறீங்களா?"

"உங்க சிரமத்துக்கு வருந்தறோம் சார். உங்க இணைப்பு எண்ணைச் சொல்ல முடியுமா?"

"உன் வருத்தத்தை வச்சு நான் ஃபேன் ஓட்டவா?"

கண்ணாடியில் ஒரு பெண் சிரித்துக்கொண்டிருப்பாள். ஒரு நாளைக்குத் தொண்ணூறு அழைப்பு. ஐந்து வருடத்தில் அவள் எண் ஒரு முறைகூடச் சிவப்பானதில்லை. வருடாந்தரக் கூட்டத்தில் அவளை எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்டினார்கள்.

விபத்துக்கு முன்னால் அவளுடைய சிறந்த நேரம் ஒரு மணி முப்பத்துமூன்று நிமிடம். அந்த நேரத்தில் நடப்பவர்கள் நாட்டிலேயே ஐந்தாறு பேர்தான் இருப்பார்கள். விபத்துக்கு அடுத்த வருடம் அது முப்பத்தாறாகி, பிறகு முப்பத்தெட்டு ஆனது. தூரத்தைக் குறைக்கவில்லை, சாப்பாட்டைக் குறைக்கவில்லை, ஒரு நாள்கூட மைதானத்துக்குப் போகாமல் இருந்ததில்லை. ஆனாலும் பன்னிரண்டாவது கிலோமீட்டர் வாக்கில் ஏதோ ஒன்று கையை விட்டு நழுவியது. மூச்சு வாங்கவில்லை, கால் வலிக்கவில்லை. போதும் என்று மட்டும் தோன்றியது.

அந்தச் சமயத்தில்தான் விளையாட்டுக் கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிற ஒரு பெண் மைதானத்துக்கு வந்து ஆள் தேடினாள். பெரிய கண்ணாடி போட்ட, படபடவென்று பேசுகிற மாணவி. தூரப் போட்டிக்காரர்கள்தான் வேண்டுமாம். இரண்டு நாள் வந்தால் போதுமாம். வாத்து ஒப்புக்கொண்டாள். இதயத் துடிப்பு, ரத்தம் எல்லாவற்றையும் காசு வாங்காமல் பார்த்துச் சொல்வார்கள் என்பது ஒரு காரணம். குளிர்சாதன அறையில் யாரும் கத்தாமல் ஒரு மணி நேரம் இருக்கலாம் என்பது இன்னொன்று.

முதல் நாள் அரைமணி நேரம் ஒரு திரையின் முன்னால் உட்கார வைத்து ஆற்றில் மீன்கள் நீந்துகிற படம் காட்டினார்கள். பிறகு டிரெட்மில்லில் ஏற்றி, ஒரே வேகத்தில், முடியாது என்று சொல்கிற வரைக்கும் நடக்கச் சொன்னார்கள். நாற்பத்தொரு நிமிடம் நடந்தாள்.

அடுத்த வாரம் மீனுக்குப் பதில் சொற்கள் வந்தன. 'சிவப்பு' என்று எழுதியிருக்கும். எழுத்து நீல நிறத்தில் இருக்கும். படிக்கக் கூடாது, நிறத்தைச் சொல்ல வேண்டும். நாக்கு சிவப்பு என்றே எழும்; அதை அடக்கி நீலம் என்று சொல்ல வேண்டும். அரைமணி நேரம் அதேதான். பிறகு அதே வேகம், அதே டிரெட்மில். முப்பத்துமூன்றாவது நிமிடத்தில் கையைத் தூக்கிவிட்டாள்.

மாணவி காகிதங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு உற்சாகமாக விளக்கினாள். "பாருங்க, இதயத் துடிப்பு ரெண்டு நாளும் ஒண்ணுதான். மூச்சு ஒண்ணுதான். உடம்புல எந்த வித்தியாசமும் இல்லக்கா. ஆனா ரெண்டாவது நாள் முதல் நிமிஷத்துல இருந்தே உங்களுக்கு அது கஷ்டமா தெரிஞ்சிருக்கு. அடக்கி அடக்கி வச்சதுல ஏதோ தீர்ந்து போகுதுன்னு சிலர் சொல்றாங்க. அப்படியெல்லாம் இல்லைன்னும் சிலர் சொல்றாங்க. இன்னும் சண்டை ஓடிக்கிட்டுதான் இருக்கு."

வாத்து காகிதத்தில் இருந்த நாற்பத்தொன்றையும் முப்பத்துமூன்றையும் விரலால் தொட்டாள்.

"அரைமணி நேரம் நிறம் சொன்னதுக்கு எட்டு நிமிஷம் போச்சு. நான் எட்டு மணி நேரம் ஃபோன்ல உக்காந்துட்டு நடக்க வர்றேன். அப்போ எவ்வளவு போகும்?"

மாணவி சிரித்துவிட்டாள். "அப்படிக் கணக்குப் போட முடியாதுக்கா."

"வீட்டை இன்னும் சேக்கவே இல்ல."

மாணவிக்கு அது புரியவில்லை. "நல்லாத் தூங்குங்க," என்றாள். "போட்டிக்கு ரெண்டு நாள் முன்னாடி மனசுக்கு வேலை வைக்காதீங்க. போட்டியன்னிக்குக் காலைல முக்கியமா யார்கிட்டயும் எதுக்கும் மல்லுக்கு நிக்காதீங்க. ஜாலியா வாங்க."

ஜாலியா என்ற சொல்லை வாத்து பஸ்ஸில் வீடு வரும் வரைக்கும் நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டு வந்தாள். பக்கத்தில் இருந்தவள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

மூன்று மாதத்தில் தேர்வுப் போட்டி. முதல் இரண்டு பேருக்குத் தேசிய முகாமில் இடம். முகாமுக்குப் போனவர்களுக்கு விளையாட்டுத் துறையிலேயே வேலை கிடைக்கும். ஃபோன் இல்லாத வேலை. அடுத்த தேர்வுக்கு இன்னும் இரண்டு வருடம். அப்போது அவளுக்கு முப்பத்தைந்து. இதுதான் கடைசி என்று யாரும் அவளிடம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. போட்டிக்கு முந்தின மூன்று நாளுக்கு விடுப்பு எழுதிக் கொடுத்தாள். அவன் தூங்கும்போதெல்லாம் தூங்கினாள். போட்டியன்று நாத்தனார் விடியற்காலையிலேயே வந்து அவனைப் பார்த்துக்கொள்வது என்று ஏற்பாடு. அவன் எழுவதற்குள் வாத்து கிளம்பிவிட வேண்டும்.

ஆனால் அன்று அவன் நாலரைக்கே எழுந்துவிட்டான். அவள் சமையலறையில் நின்றபடி ரொட்டியும் வாழைப்பழமும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். வந்து தட்டைப் பிடுங்கினான். பாதி தின்றான், பாதியைத் துப்பினான். அவள் தரையைத் துடைத்தாள். துடைத்துவிட்டு நிமிர்ந்தால் அவளுடைய போட்டி ஷூ இரண்டையும் அடியில் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தான்.

"நானும் வர்றேன்."

"இன்னிக்கு வேண்டாம்ப்பா. அக்கா வந்திருக்காங்கல்ல, அவங்ககூட இரு."

"போட்டியா? எனக்குத் தெரியும், போட்டி. ஸ்டாப்வாட்ச் எங்க?"

"ஷூவைக் குடுப்பா. நேரமாகுது."

"கெஞ்சு."

வாசலில் வாடகைக் கார் ஹாரன் அடித்தது. நாத்தனார் அவனைக் கிளப்பப் பார்த்தாள், கையைக் கடித்துவிட்டான். வாத்து அவன் எதிரில் குந்தி உட்கார்ந்து, ஃபோனில் பேசுகிற குரலில், மெதுவாக, மெதுவாகப் பேசினாள். அவன் அவள் பின்னலைப் பிடித்து இழுத்தான். பேசிக்கொண்டே இருந்தாள். அவன் அவள் அம்மாவைப் பற்றி ஏதோ சொன்னான். பேசிக்கொண்டே இருந்தாள். சுவர்க் கடிகாரம் தலைக்கு மேல் இருந்தது. ஷூ கைக்கு வந்தபோது சரியாக அரைமணி நேரம் ஆகியிருந்தது.

"கூட்டிக்கிட்டே போயிடலாம்மா," என்றாள் நாத்தனார், கையைத் தேய்த்துக்கொண்டே. "விட்டுட்டுப் போனா கதவை உடைச்சிருவான். நான் பிடிச்சுக்கறேன். நீ திரும்பியே பாக்காத."

ஏரியைச் சுற்றிய சாலையை மூடி, ஒரு கிலோமீட்டர் சுற்றாக ஆக்கியிருந்தார்கள். அதை இருபது முறை சுற்ற வேண்டும். ஏழு பெண்கள். வழி நெடுக நடுவர்கள் நின்றார்கள். ஓடுவதாகவோ முட்டி மடங்குவதாகவோ தெரிந்தால் சிவப்பு அட்டை எழுதி அனுப்புவார்கள். ஒவ்வொருவர் எண்ணுக்கும் எதிரில் அது பலகையில் ஏறும். மூன்று நடுவர்களிடமிருந்து மூன்று அட்டை என்றால் ஆட்டம் முடிந்தது. நாத்தனார் தொடக்கக் கோட்டுக்குக் கொஞ்சம் தள்ளி, கயிற்றுக்கு வெளியே, ஒரு சிமெண்ட் பெஞ்சில் அவனை உட்கார வைத்தாள். அவன் கழுத்தில் ஸ்டாப்வாட்ச். ஆராய்ச்சி மாணவியும் வந்திருந்தாள். தூரத்திலிருந்து வாத்தைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள்.

முதல் சுற்று முடித்து வந்தபோது அவள் நினைக்காத ஒன்று நடந்தது.

"நாலு முப்பத்தொம்பது!" என்று அவன் கத்தினான்.

சரியாக இருந்தது. அடுத்த சுற்றில் "நாலு நாப்பது, தோளை இறக்கு!" என்றான். அதுவும் சரி. அவள் தோளை இறக்கினாள். மூன்று, நாலு, ஐந்து. அதே பழைய குரல், அதே பழைய நிதானம். நாத்தனார் பெஞ்சில் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாத்துக்கு நெஞ்சுக்குள் என்னவோ செய்தது. அதையும் அழுத்தி வைத்துக்கொண்டு நடந்தாள். எட்டாவது சுற்றில் இரண்டாவது இடத்தில் இருந்தாள். ஒன்பதாவதில் அவன், "வாத்து, நீ ஜெயிச்சிருவ," என்றான்.

பத்தாவது சுற்றில் அவன் ஒன்றும் சொல்லவில்லை. ஸ்டாப்வாட்ச்சின் கயிற்றைக் கடித்துக்கொண்டிருந்தான்.

பதினொன்றில் எழுந்து நின்றிருந்தான். "ஓடு!" என்றான். "எதுக்கு நடக்கற? ஓடுடி!"

கயிற்றோரம் நின்றவர்கள் சிரித்தார்கள். அது அவனுக்குப் பிடித்துவிட்டது. பன்னிரண்டாவது சுற்றில் கயிற்றுக்கு அந்தப் பக்கம் இடுப்பை ஆட்டி ஆட்டி அவளோடு கூடவே நடந்து காட்டினான். "பாருங்க, பாருங்க, வாத்து போகுது! ராத்திரி இதைப் பக்கத்துல வச்சுக்கிட்டுத்தான் தூங்கறேன்!" சிரிப்பு பெரிதானது. அவள் முன்னால் போகிறவளின் முதுகில் இருந்த எண்ணை மட்டும் பார்த்தாள். உதட்டில் சிரிப்பு இருப்பது அவளுக்கே தெரிந்தது. ஐந்து வருடப் பழக்கம். அந்தச் சுற்றில்தான் பலகையில் அவள் எண்ணுக்கு எதிரில் முதல் சிவப்பு ஏறியது. முட்டி.

பதினைந்தில் இரண்டாவது.

இனி ஒன்று வந்தால் தீர்ந்தது. கொஞ்சம் வேகத்தைக் குறைத்தால் மூன்றாவது ஆளிடம் இடத்தை விட வேண்டும், குறைக்காவிட்டால் அட்டை. இரண்டுக்கும் நடுவில் ஒரு நூல் அகலம்தான் இருந்தது. அதில் நடந்தாள். பதினாறு. பதினேழு. உடம்பு ஓடலாமா என்று கேட்டது, கூடாது என்றாள். பெஞ்சிலிருந்து அவன் ஓடு என்றான், கூடாது என்றாள். போதும் என்று உள்ளே எதுவோ சொன்னது. அதற்குச் சொல்லப் பதில் எதுவும் அவளிடம் மிச்சமில்லாதது போல இருந்தது. இருந்தாலும் கால்கள் போய்க்கொண்டிருந்தன.

பதினெட்டாவது சுற்று முடிந்து வந்தபோது அவன் கத்தவில்லை. கால்சட்டையோடு சிறுநீர் போய்விட்டிருந்தது. பெஞ்சின் கீழே ஈரம். நாத்தனார் தன் துப்பட்டாவை அவன் இடுப்பில் சுற்ற முயன்றுகொண்டிருந்தாள். அவன் தள்ளிவிட்டுக்கொண்டே அழுதான். யாரோ ஃபோனில் அதைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவன் அவளைப் பார்த்துவிட்டான். ஓடு என்று சொல்லவில்லை. "வாத்து, வா," என்றான். "வீட்டுக்குப் போலாம், வா."

அவள் நிற்கவில்லை. தாண்டிப் போனாள்.

அடுத்து நடந்தது அவளுக்குத் தெரியாது. ஏரியின் வளைவு நினைவிருக்கிறது. தண்ணீரின் வெளிச்சம் கண்ணில் பட்டது நினைவிருக்கிறது. திடீரென்று எல்லாமே சுலபமாக இருந்தது. வெகு நாளுக்குப் பிறகு உடம்பு லேசாக இருந்தது. முன்னால் போன பெண் பின்னால் போனாள். யாரோ விசில் ஊதிக்கொண்டிருந்தார்கள். தலைமை நடுவர் எதிரில் வந்து சிவப்பு அட்டையை அவள் முகத்துக்கு நேராக நீட்டிய பிறகுதான் நின்றாள்.

"நான் நடந்துக்கிட்டுதானே இருந்தேன்," என்றாள்.

நடுவர் வயதானவர். அவளைப் பத்து வருடமாகத் தெரிந்தவர். "அம்பது மீட்டர் ஓடினம்மா," என்றார். "நடையே இல்ல அது. நல்லா, முழுசா ஓடின. மூணு பேர் பாத்தோம்." அட்டையை இறக்கியபடி, "உனக்குத் தெரியலையா?" என்றார்.

அவள் மார்பில் குத்தியிருந்த எண்ணைக் கழற்றினாள். புல்லைக் கடந்து பெஞ்சுக்கு வந்தாள். அவன் அழுகையெல்லாம் நின்று, துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு, பளிச்சென்று சிரித்தான். இரண்டு கையையும் தட்டினான்.

"ஓடிட்டல்ல! நான்தான் சொன்னேன்! நான் சொன்னதைக் கேட்டு ஓடிட்ட! வாத்து ஓடிருச்சு!"

அவள் அடித்தாள். எத்தனை முறை என்று அவளுக்குத் தெரியாது. முதல் அடி கன்னத்தில் விழுந்தது. அவனுக்கு அவளைவிட இரண்டு மடங்கு பலம். வீட்டில் ஒரு முறை அலமாரிக் கதவைப் பிடுங்கி எறிந்தவன். அவன் திருப்பி அடிக்கவில்லை. இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு, பெஞ்சின் மேலேயே சுருண்டுகொண்டான். ஆஸ்பத்திரியில் மண்டையில் தையல் போட்ட இடத்தைத்தான் பொத்திக்கொண்டான். அதைப் பார்த்தும் அவள் கை நிற்கவில்லை. நாத்தனார் பின்னாலிருந்து இடுப்பைக் கட்டிப் பிடித்து இழுத்த பிறகுதான் நின்றது. ஆராய்ச்சி மாணவி பத்தடி தூரத்தில் தண்ணீர் பாட்டிலோடு நின்றுகொண்டிருந்தாள். அதைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டாள்.



அடுத்த நாலு நாள் வீடு அமைதியாக இருந்தது. அவள் சொன்னதை அவன் கேட்டான். தலை வாரும்போது ஆடாமல் உட்கார்ந்தான். தன் தட்டில் இருந்ததை மட்டும் சாப்பிட்டான். இரண்டு வருடம் கெஞ்சியும் கொஞ்சியும் நடக்காதது நடந்துவிட்டது. முதல் இரண்டு நாள் அவளுக்கு அவன் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. மூன்றாவது நாள், சாயங்காலம், ஒரு தம்ளர் தண்ணீரை யாருக்கும் பயப்படாமல் நிம்மதியாகக் குடித்தபோது, வெட்கம் கொஞ்சம் குறைந்திருந்ததைக் கவனித்தாள்.

ஐந்தாம் நாள் அவன் பாலைக் கொட்டினான். அடித்தாள். இந்த முறை எத்தனை என்று தெரியும்: இரண்டு. அடுத்த வாரம் அலுவலகத்தில் ஒருவர் அவளை நாற்பது நிமிடம் விடாமல் திட்டினார். அன்று வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தபோது அவன் ஒன்றுமே செய்யவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். நாத்தனார் அவளிடம் சொல்லிவிட்டு அப்போதுதான் வாசலைத் தாண்டியிருந்தாள். வாத்து பையைக்கூடக் கீழே வைக்காமல் அடித்தாள்.

அவன் முதுகு கன்றிப்போயிருந்ததை நாத்தனார்தான் பார்த்தாள். மறுநாள் சட்டை மாற்றும்போது. அன்று சாயங்காலம் வாத்து வீட்டுக்கு வந்தபோது தையல் மெஷின் வாசலில் நின்ற ஆட்டோவில் ஏறியிருந்தது. பக்கத்தில் அவன் ஒரு துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"அண்ணி," என்றாள் வாத்து.

"அவன்கிட்ட கேட்டேன், எப்படி ஆச்சுன்னு. எதையும் மறைக்கத் தெரியாதவன்மா அவன். கதவு இடிச்சிருச்சுங்கறான். அவன் பொய் சொல்றதை ரெண்டு வருஷத்துல இன்னிக்குத்தான் பாக்கறேன்."

வாத்து ஆட்டோவைப் பார்த்தாள்; அவன் துணிப்பையை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டான்.

"எனக்கு உன்மேல கோபம் இல்ல," என்றாள் நாத்தனார். கண் சிவந்திருந்தது. "கோபம் வந்தா நல்லா இருக்கும். நாலு வார்த்தை திட்டிட்டுப் போயிருப்பேன். நீ எவ்வளவு பொறுத்தன்னு எனக்குத் தெரியும். நான் மெஷின் போட்டுக்கிட்டு இங்கதானே உக்காந்திருந்தேன். ஆனா இதுக்கு மேல இவன் இங்க இருந்தா, ஒரு நாள் நான் வந்து பாக்கறப்போ இருக்க மாட்டான்."

"நான் இனிமே அடிக்க மாட்டேன்."

நாத்தனார் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாள். "நீயே நம்பறியா?"

ஆட்டோ போய்விட்டது.

அன்றைக்குப் பதினோரு மணி நேரம் தூங்கினாள். அடுத்த நாளும் அப்படியே. வீட்டில் தம்ளர் வைத்த இடத்தில் இருந்தது, சீப்பு வைத்த இடத்தில் இருந்தது. மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வேறு என்ன செய்வதென்று தெரியாமல், மைதானத்துக்குப் போனாள். யாரும் இல்லை. கைக்கடிகாரத்தை அழுத்திவிட்டு நடந்தாள். பன்னிரண்டாவது கிலோமீட்டர் வந்தது, போனது. எதுவும் நழுவவில்லை. உடம்பு ஓடக் கேட்டது, சிரமமில்லாமல் மறுத்தாள். இருபது முடிந்தபோது ஒரு மணி முப்பத்திரண்டு நிமிடம் ஐம்பது நொடி. வாழ்நாளில் அவள் நடந்த சிறந்த நேரம் அது. தேர்வான இருவரும் அதற்குள் முகாமுக்குப் போயிருந்தார்கள். அவள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பொத்தானை அழுத்தி அந்த எண்களை அழித்தாள்.

அன்று மதியம் நாத்தனார் வீட்டுக்குப் போனாள். இரண்டாவது மாடி, ஒற்றை அறை; எங்கே பார்த்தாலும் நீலச் சீருடைத் துணி. அவன் மூலையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து பொத்தான்களை அளவு வாரியாக டப்பாக்களில் போட்டுக்கொண்டிருந்தான். கொஞ்சம் சதை போட்டிருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"வாங்க," என்றான். "உக்காருங்க."

பத்து வருடத்தில் அவன் அவளை ஒரு நாளும் 'வாங்க' என்று கூப்பிட்டதில்லை.

"எப்படி இருக்க?" என்றாள்.

"நல்லா இருக்கேங்க."

"சாப்பிட்டியா?"

அவன் அக்காவைத் திரும்பிப் பார்த்தான். நாத்தனார் மெஷினை நிறுத்திவிட்டுத் தலையசைத்தாள். அதன் பிறகுதான், "சாப்பிட்டேங்க," என்றான். ஒவ்வொரு சொல்லையும் வாய்க்குள் ஒரு முறை சரிபார்த்துவிட்டு வெளியே விடுவது போல இருந்தது. அவளுக்கு அந்த முகம் நன்றாகப் பழக்கம். தினமும் எட்டு மணி நேரம் தன் மேஜைக் கண்ணாடியில் பார்க்கிற முகம்தான்.

"நீ பேசு," என்றாள் அவள். "என்ன தோணுதோ சொல்லுப்பா. திட்டணும்னா திட்டு. நான் ஒண்ணும் பண்ண மாட்டேன்."

அவன் சிரிக்க முயன்றான். "ஒண்ணும் தோணலைங்க," என்றான்.

நாத்தனார் மறுபடியும் மெஷினை ஓட்ட ஆரம்பித்தாள். வாத்து இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். அவள் அங்கே இருக்கும் வரைக்கும் அவன் நின்றுகொண்டே இருப்பான் என்று புரிந்ததும் எழுந்து, மாடிப்படி இறங்கி, பஸ் நிறுத்தத்துக்கு வந்தாள். அவள் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் ஏறும்படி கையைக் காட்டினார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அடுத்த பஸ்ஸையும் விட்டாள்; போய்ச் சேர வேண்டிய வீட்டில் எல்லாம் வைத்த இடத்தில் இருக்கும். மறுநாள் திங்கட்கிழமை, ஏழரைக்கு வேலை.